பிஸ்கட் ஏறிய படகு

இருபது பவுண்டு. அதற்காகத்தான் என் வீட்டுக்காரர் கிளெம் இத்தனை கூத்தும் அடித்தார். விடுமுறைக்குத் தங்கிப் போகிற கால்வாய்ப் படகு வாடகைக்கு எடுத்தால் நாய்க்குத் தனியாக இருபது பவுண்டு கட்டவேண்டும் என்று படகுத்துறையில் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரப் படகு வாடகையை முணுமுணுக்காமல் கட்டிய மனுஷனுக்கு இந்த இருபது மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"நாய் என்ன படகு ஓட்டப் போகுதா? கட்டில் கேக்குமா? எதுக்குக் காசு?"

"முடி கொட்டும், கிளெம். குளிக்கிற தண்ணி போற பம்புல அடைச்சுக்கும்."

"எனக்கும்தான் கொட்டுது. எனக்குக் காசு கேட்டாங்களா?"

அவர் தலையில் கொட்டுவதற்கு மிச்சம் ஏதுமில்லை. அதனால் விட்டிருப்பார்கள்.

நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே! சனிக்கிழமை காலை படகுத்துறைக்குப் போய் இறங்கியதும் எங்கள் நாய் பிஸ்கட்டைத் தூக்கி அழுக்குத் துணிப் பையில் போட்டு, படகுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கழுத்துப் பட்டையில் பெயரும் முகவரியும் வெட்டிய பித்தளைத் தகடு ஒன்று தொங்கும்; அது கிணுகிணுவென்று சத்தம் போடும் என்று பட்டையையும் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். படகுத்துறைக்காரி மிஸஸ் பெடோஸ் வந்தாள். ஆண்களின் பழைய ஸ்வெட்டரும் ரப்பர் பூட்ஸும் போட்ட கறாரான பொம்பளை. இஞ்சினை எப்படிக் கிளப்புவது, தண்ணீர் எங்கே நிரப்புவது, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலேயோ கீழேயோ கொண்டுபோகும் மதகுத் தொட்டிக்குள் படகை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, இறங்கும் முன் கேட்டாள்.

"நாய் எதுவும் இல்லையே?"

"ஐயோ, இல்லைங்க. நாங்க ரெண்டு பேர்தான்" என்றார் கிளெம், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முகத்தோடு. நான் கெட்டிலைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பிஸ்கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததே கிளெம்தான் என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு மார்பில் ஆபரேஷன் ஆன வருஷம் அது. வீட்டுக்கு வந்த பிறகும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன். யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன், ஜன்னல் திரையைத் திறக்க விடமாட்டேன். ஒருநாள் தெருநாய்களைப் பிடித்து அடைத்துவைக்கும் கவுன்சில் நாய்க்கூடத்திலிருந்து ஒரு பழுப்புக் குட்டை நாயைத் தூக்கிக்கொண்டு வந்து என் போர்வைமேல் விட்டார். "இதுக்கு வெளிய போகணுமாம். எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதவருகே நின்று அது பார்த்த பார்வைக்கு நான் எழுந்தேன். நைட்டியின்மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போனேன். அப்படித்தான் நான் மறுபடி மனுஷியானேன். பிஸ்கட்டுக்கு அந்தக் கூண்டு வாழ்க்கை மறக்கவே இல்லை. இரும்புக் கதவு சத்தம் கேட்டாலே ஒடுங்கிப்போய் நின்ற இடத்திலேயே நனைத்துவிடுவான்.

போகட்டும். வாரம் நன்றாகவே போனது. மழை பெய்தது, சாயங்காலம் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் தின்றோம். நடுவழியில் நாயைப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று பிஸ்கட்டைக் கரையில் ஓடவிட்டோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மறுநாள் காலை படகை ஒப்படைக்கவேண்டும். ஒரு மதகில் இறங்க வேண்டியிருந்தது. கிளெம் பின்னால் நின்று படகை ஓட்ட, நான் கரையிலிருந்து மதகைத் திறந்துவிடுவது எங்கள் ஏற்பாடு. தண்ணீர் வடிந்து எங்கள் படகு கீழே இறங்கி வெளியே வந்தபோது, எதிரே இன்னொரு படகு மேலே ஏறக் காத்திருந்தது. அதே துறைப் படகு. மிஸஸ் பெடோஸின் படகுகள் எல்லாமே ஒரே கரும்பச்சை, ஒரே சிவப்பு ஓரம். பெயர் ஒன்றுதான் வேறு.

அதில் ஒரு பட்டாளம் இளவட்டங்கள். எல்லார் தலையிலும் கடற்கொள்ளைக்காரன் தொப்பி, ஒருத்தனுக்குக் கண்ணில் கறுப்புப் பட்டை. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குடிக்கக் கிளம்பிய கும்பல். உள்ளே நுழையும்போதே மதகுச் சுவரில் மடாரென்று ஒரு முட்டு.

"கண்ணு இருக்கா இல்லையா? மத்தியானமே ஏத்திக்கிட்டுப் படகு ஓட்ட வந்துட்டீங்களா!" என்று கத்தினேன்.

"சாரி ஆன்ட்டி! ஒரு கண்ணைக் கட்டிட்டாங்க ஆன்ட்டி!" என்றான் பட்டைக்காரன். மற்றவர்கள் ஹோவென்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று நடந்து எங்கள் படகின் முன்பக்கம் ஏறி, டீ போட உள்ளே போய்விட்டேன்.

படகு நீளமானது. முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பிஸ்கட் கிளெம் காலடியில் படுத்திருக்கிறான் என்று நான் நினைத்தேன். என்னோடு உள்ளே இருக்கிறான் என்று அவர் நினைத்தார். வெகுதூரம் போய்ப் படகைக் கட்டியபிறகு, "அவனுக்கு ஒரு ரொட்டித் துண்டு போடேன்" என்று கிளெம் சொன்னபோதுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"யோவ் கிளெம், நாய் எங்கய்யா?"

கிளெம் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

கால்வாயில் படகை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. கரையை அகலமாக வெட்டி வைத்த இடத்தில்தான் திருப்பலாம், அது இன்னும் எத்தனையோ தூரம். படகை அப்படியே விட்டுவிட்டு வந்த வழியே கரையோடு ஓடினோம். மதகு வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி எங்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"பழுப்பு நாயா? கரையில சுத்திக்கிட்டு இருந்துச்சு, தண்ணி நிரம்பி அந்தப் பச்சைப் படகு கரை மட்டத்துக்கு வந்ததும் டக்குனு தாவி ஏறிடுச்சு. முன்னாடி ஜம்முனு உக்காந்துக்கிட்டுப் போச்சு. உங்களுதா? நான் அந்தக் கொள்ளைக்காரங்களுதுன்னுல்ல நினைச்சேன்!"

எங்கள் படகு என்று நினைத்துத்தான் ஏறியிருக்கிறான். அவனுக்குப் பெயர் படிக்கத் தெரியுமா என்ன?

செல்போன் இல்லாத காலம். பக்கத்துப் பாலத்தடியில் இருந்த டெலிபோன் கூண்டுக்குள் கிளெமைத் தள்ளி, நானும் நுழைந்து நின்றுகொண்டேன். மிஸஸ் பெடோஸ் எடுத்தாள்.

"எங்க நாய்... உங்க இன்னொரு படகுல ஏறிடுச்சுங்க" என்றார் கிளெம்.

"உங்ககிட்டதான் நாயே இல்லையே, மிஸ்டர் ஹாலிஸ்?"

கிளெமின் காது சிவந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சொன்னார், அழுக்குத் துணிப் பை உட்பட. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அட மடையா! அந்தப் படகுல இருக்கிற பையன் அப்பவே எனக்கு போன் பண்ணினான்யா. யாரோட நாயோ ஏறிடுச்சு, கழுத்துல பட்டைகூட இல்லைன்னான். என் படகுகள்ல எதுலயும் நாய் கிடையாது, அப்போ தெருநாயாத்தான் இருக்கும்னு நான்தான் கவுன்சில் ஆளை வரச் சொன்னேன். ப்ளவ் பப் பாலத்துக்கு வண்டியோட கிளம்பிட்டான். நான் என்ன இருபது பவுண்டுல கோட்டையா கட்டப்போறேன்? எதுல யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"அந்தப் பப்புக்கு போன் பண்ணிச் சொல்லுங்களேன்!" என்று நான் இடையில் கத்தினேன்.

"பண்ணுவேன்ம்மா, மத்தியானம் மூடியிருப்பாங்க, எடுக்க ஆளிருக்காது. திங்கக்கிழமையும் லீவு. நாய்க்கூடத்துக்குள்ள போயிட்டா செவ்வாய்க்கிழமைதான் திறப்பாங்க. பேசிட்டு நிக்காதீங்க, ஓடுங்க!"

செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்தக் கூண்டு. தன்னை மறுபடி அங்கேயே விட்டுவிட்டோம் என்றுதானே நினைப்பான்? நான் ஓடினேன். சேற்றில், வேர்களின்மேல், ஆபரேஷன் ஆன பக்கம் சுரீர் சுரீரென்று இழுக்க ஓடினேன். கிளெம் எங்கோ பின்னால் என் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது.

பப் பாலம் கண்ணில் பட்டபோது, அதன்மேல் கவுன்சில் வண்டி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் இரும்பு வலை போட்ட வெள்ளை வண்டி. "நில்லுங்க! நில்லுங்க!" என்று கைகளை ஆட்டினேன். அது வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. நான் அங்கேயே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

"ஆன்ட்டி? மதகுல திட்டினீங்களே, அந்த ஆன்ட்டிதானே?"

பாலத்தடியிலிருந்து ஒரு தொப்பி எட்டிப் பார்த்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பச்சைப் படகு கட்டியிருந்தது. கூரைமேல் அத்தனை கொள்ளைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருத்தனுடைய கோட்டுக்குள்ளிருந்து பழுப்பு மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கோட்டைப் பிய்த்துக்கொண்டு குதித்து வந்தான் என் பிஸ்கட். என் முகம், காது, கண்ணாடி ஒன்றையும் விடாமல் நக்கினான்.

"அப்போ அந்த வண்டி...?"

"வெறும் வண்டி" என்றான் கோட்டுக்காரன். ரோட்ரி என்று பெயர். அவன்தான் மாப்பிள்ளை. "அந்த ஆளு கம்பும் சுருக்குமா வந்தாரு, ஆன்ட்டி. வண்டிக் கதவைத் திறந்த சத்தத்துக்கே இவன் நடுங்கி என் மடியிலேயே ஒண்ணுக்குப் போயிட்டான். பாருங்க, பேன்ட்டு இன்னும் காயல. எனக்கு மனசே கேக்கல. இது எங்க நாய்தான், சும்மா விளையாட்டுக்கு போன் பண்ணிட்டோம்னு சொல்லிட்டேன்."

"அவரு நம்பிட்டாரா?"

"எங்க நம்பறது! வாடகைப் படகுல நாய்க்குக் காசு கட்டியிருக்கணுமே, துறையில கேளுன்னு போன் கூண்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு. நான் அந்தம்மாகிட்ட, என் படகுல ஒரு நாய் போட்டுக்கோங்க, காசு நான் கட்டறேன்னு சொன்னேன். அந்த ஆளு போனைப் பிடுங்கி, நிஜமாவே இவங்களுக்கு நாய் இருக்கான்னு கேட்டாரு. அந்தம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு. 'இருக்குய்யா! காசும் கட்டியாச்சு! என் ஆளுங்களை எதுக்கு நிக்கவெச்சுக் கேள்வி கேக்கற?' அவரு போனதும் எங்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி, நீங்க ஓடி வர்றீங்க, நகராதீங்கன்னாங்க."

இருக்கிற நாயை இல்லையென்று சொன்னார் என் புருஷன். இல்லாத நாயை இருக்கிறதென்று சொன்னான் யார் பெற்ற பிள்ளையோ. அந்தக் கறாரான பொம்பளையும் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கவேண்டும் என்று நான் அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போதுதான் கிளெம் வந்து சேர்ந்தார். பிஸ்கட்டைப் பார்த்தார். தரையில் மண்டியிட்டு அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கைவைத்தேன். பையன்கள் நாசூக்காக வேறுபக்கம் பார்த்தார்கள்.

பிறகு எழுந்து பர்ஸை எடுத்தார். ரோட்ரி தொடவே இல்லை.

"நாளைக்கு அந்தம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கப் போறீங்கல்ல சார், அதோட சேர்த்துக் காசையும் கட்டிடுங்க."

"கட்டறேன்ப்பா. உனக்கும் சேர்த்துக் கட்டறேன்" என்றார் கிளெம்.

"கல்யாணம் என்னிக்குப்பா?" என்று கேட்டேன்.

"அடுத்த சனிக்கிழமை ஆன்ட்டி." அவன் குனிந்து பிஸ்கட்டின் காதைச் சொறிந்தான். "காலையிலேருந்து கல்யாணத்தை நினைச்சாலே பயமா இருந்துச்சு. இவனுங்க ஊத்தி ஊத்திக் கொடுத்தானுங்களே தவிர, ஒருத்தனும் என்ன ஏதுன்னு கேக்கல. இவன் வந்து மடியில படுத்தப்புறம்தான் கொஞ்சம் அடங்குச்சு."

"டேய், நாங்க கேட்டோம்டா!" என்றான் பட்டைக்காரன்.

"நீ கேட்டது இன்னொரு பாட்டில் வேணுமான்னுடா."

எல்லாரும் சிரித்தோம். அவர்கள் படகின் கயிற்றை அவிழ்த்தார்கள். ரோட்ரி முன்பக்கம் போய் நின்றான். பிஸ்கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவில்லை. கேட்பானா? இவ்வளவு அழுதவளிடம் எப்படிக் கேட்பான்?

நான் பிஸ்கட்டைத் தூக்கி அவன் கையில் கொடுத்தேன்.

"அடுத்த பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போப்பா. நாங்க கரையோட மெதுவா நடந்து வர்றோம்."

படகு நகர்ந்தது. கிளெம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன காரியம் பண்ற, நோரீன்? இப்பத்தான் கிடைச்சான், அதுக்குள்ள மறுபடியும் விட்டுட்ட?"

"அவனைக் காப்பாத்தினவங்ககிட்டதானே விட்டிருக்கேன்" என்றேன்.