அழாத குழந்தை

உரிமம் புதுப்பிக்க வேண்டுமென்றால் வருடா வருடம் இந்தப் பயிற்சியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். நிறம், இனம், நீதி என்று திரையில் எழுத்து ஓட, சமூகப் பணியாளர்களில் பாதிப் பேர் மேசைக்கடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறார் அக்கா பார்க்கவில்லை. ஆபீஸ் வைத்த பெயர் அது. அதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. பயிற்சி முடிந்த கையோடு அவள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பிழைக்க வந்த, வேறு நிறத்துத் தாய் ஒருத்தியிடமிருந்து அவளுடைய நாலு வயதுப் பெண்ணைப் பிரிக்கலாமா என்று நீதிபதி கேட்பார். பிரிக்கலாம் என்று சொல்லப் போகிறாள். நேற்று அந்த வீட்டில் தாயை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கவனித்தாள். குழந்தை அழவில்லை. வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டுதல் இல்லை என்பதற்கு இந்தத் தொழிலில் வேறென்ன வேண்டும்?

சாப்பாட்டுக்குப் பிறகு நடிக்கச் சொன்னார்கள்.

"நீங்க அம்மா. இவர் உங்க வீட்டுக்கு வர்ற அதிகாரி. இந்த நாற்காலிதான் உங்க குழந்தை," என்று கறார் அக்காவிடம் சொன்னாள் பயிற்சியாளர்.

அதிகாரி வேடம் சோடாபுட்டிக்கு. கறார் அக்காவின் பக்கத்து சீட்டுக்காரன், சுத்த பயந்தாங்கொள்ளி. கதவைத் தட்டுவதாக மேசையைத் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

கறார் அக்கா காலி நாற்காலியின் பக்கம் தானாகவே குனிந்தாள்.

"சத்தம் போடாத கண்ணு. அழுதா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நேற்று அந்தக் குழந்தை தாயைத் தேடாமல் இல்லை. தாய் சொன்னபடி அடங்கி உட்கார்ந்திருந்தது.

"உன் பேரு என்ன பாப்பா?" என்று சோடாபுட்டி நாற்காலியைக் கேட்டான்.

பதில் வர வழியில்லை. ஆனால் சிரிப்பெல்லாம் அடங்கிய அறையில், யாரோ மூச்சை இழுத்து அடக்கிக்கொள்ளும் சின்னச் சத்தம் கேட்டது. சோடாபுட்டியின் முகம் வெளுத்தது.

"அக்கா, இது ஏன் அழவே மாட்டேங்குது?"

"போதும், எந்திரிங்க," என்றாள் பயிற்சியாளர். அடுத்த ஜோடியைக் கூப்பிட்டாள். கறார் அக்கா எழவில்லை. பயமாகத்தான் இருந்தது. குழந்தையை அங்கே விட்டுவிட்டு எழுவதற்கு அதைவிடப் பயமாக இருந்தது.

டிரைவர் போனில் கூப்பிட்டான். "அக்கா, கீழ நிக்கிறேன். கோர்ட்டுக்கு நேரமாச்சு."

ஒருவழியாக எழுந்தாள். வலது கையைத் தாழ்த்தி, விரல்களை லேசாக மடக்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகவே பழகியவள் சின்னச் சின்ன அடி வைத்து நடந்தாள். சோடாபுட்டி ஓடி வந்து கதவைத் திறந்து பிடித்தான்.

"கோர்ட்டுல என்னக்கா சொல்லப் போறீங்க?"

"மெதுவாப் பேசு. பயந்து போயிருக்கு."

அவள் வெளியே போய்விட்டாள். சோடாபுட்டி கதவை உடனே விடவில்லை. வாசலில் இடுப்பு உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்தியபடி, இன்னும் ஓர் ஆள் கடந்து போகிற நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.