புதன்கிழமைச் சாப்ஸ்

1

இந்தக் கதையை எட்டு வருடமாக எழுதாமல் வைத்திருக்கிறேன். காரணம் வெட்கக்கேடானது: அந்தச் சாப்பாடு ருசியாக இருந்தது.

பதுளையில் நண்பர்கள் நடத்தும் சிறு பத்திரிகைக்குத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரு கதை கேட்டார்கள். உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

"பனி மூடிய மலைச்சரிவில் இராக்கம்மா கூடையைச் சுமந்தபடி –"

அடித்துவிட்டேன். அன்று பனி இல்லை, சுள்ளென்று வெயில். இரண்டாவது முயற்சி:

"முருகையா வெறும் சமையற்காரர் அல்ல, அவர் ஒரு –"

ஒரு என்ன? எனக்குத் தெரியவில்லை. அவர் சமையற்காரர். இராக்கம்மாவின் தம்பி. அவ்வளவுதான்.

2

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். 1974. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். நான், சிவஞானம், அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். டாக்டருக்குப் படித்தவனல்ல. ஆனாலும் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோரும் "டாக்டரையா" என்றார்கள்; நானும் மறுத்ததில்லை.

அந்த வருடம் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மா பாதியானது. இராக்கம்மா தன் பங்கு ரொட்டியை மகள் ஜெயலெட்சுமிக்குக் கொடுத்துவிட்டு, பாலில்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டே கொழுந்து பறித்தாள். திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறும்போது விழுந்தாள். தூக்கி வந்தார்கள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். எலும்புக்கு மேலே தோல் மட்டும்தான். மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

(தம்பி தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமைக்க, அக்கா எப்படிப் பட்டினியில் சாவாள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பங்களாக் குசினியிலிருந்து ஒரு பிடி மா வெளியே போனாலும் வேலை போகும் என்பது துரையின் உத்தரவு. முருகையாவுக்கு வேலை கொடுக்க வேறு வீடு ஒன்றும் அந்த மலையில் இல்லை.)

அந்த மாதத்தில் அது நாலாவது சாவு. வியாழக்கிழமை இந்தச் சாவுகளை விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஆள் வருவதாகச் செய்தி. புதன்கிழமை துரை என்னை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பதினோரு வருட வேலையில் அதுவே முதல் தடவை.

3

பழக்கதோஷம், முன்வாசலுக்குப் போகாமல் குசினிப் பக்கமாகவே போனேன். அக்காவைப் புதைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. முருகையா அடுப்படியில் நின்றார்.

"நீங்க லீவு கேக்கலியா?"

"தொரை ஆள் அனுப்பிட்டாருங்க. விருந்தாளி வர்றாராம்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா அது?"

தலையாட்டினேன். அவர் வேலையைப் பார்த்தார். பண்டாரவளையிலிருந்து வந்த, எலும்போடு வெட்டிய பன்றித் துண்டுகள் நாலு. கொழுப்பு ஓரத்தைக் கத்தியால் அங்கங்கே கீறினார். இல்லாவிட்டால் சூட்டில் சுருண்டுகொள்ளுமாம். உப்பு, மிளகு. இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் சிவக்கவிட்டுத் தனியே எடுத்துவைத்தார். அதே சட்டியில் நசுக்கிய பூண்டு, பனைப்பாகு மாதிரியான கித்துள் பாணி, வினாகிரி, அரைத்த கடுகு. குமிழி விட்டுக் கெட்டியானதும் துண்டுகளைத் திரும்ப இறக்கி, கரண்டியால் மொண்டு மொண்டு மேலே ஊற்றினார். கறி கண்ணாடி மாதிரி மினுங்கியது.

[இந்தப் பத்தியை எழுதும்போது மட்டும் என் கை தயங்கவேயில்லை. கவனித்தீர்களா?]

"ஐயா," என்றார், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாவுப் படிவத்துல பசின்னு எழுதுங்க. கழிச்சல், காய்ச்சல்னு எழுதிப்புடாதீங்க. அக்காவுக்கு வேற ஒண்ணும் செய்ய ஏலாது. இது ஒண்ணுதாங்க கேக்குறேன்."

"பாக்கிறேன், முருகையா" என்றேன்.

4

இங்கே முருகையாவை என்ன செய்வது என்று பல நாள் யோசித்தேன். ஒரு பிரதியில் அவர் கறியில் உப்பை அள்ளிக் கொட்டினார். இன்னொன்றில் தட்டைத் துரையின் காலடியில் போட்டு உடைத்தார். வாசகர்கள் கைதட்டியிருப்பார்கள். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவர் கறியைச் சரியான பதத்தில் இறக்கி, தட்டைத் துடைத்து, வலது பக்கமாக நின்று பரிமாறினார்.

முதலில் இனிப்பு. பிறகு புளிப்பு, கடைசியில் கடுகின் காரம். எலும்பு வரைக்கும் சாப்பிட்டேன்.

துரை சண்டைக்கு நிற்கவில்லை. பண்டாரவளைப் பக்கம் பெரிய டிஸ்பென்சரி ஒன்றில் இடம் காலியாக இருக்கிறது என்றார். பிறகு படிவத்தையும் பேனாவையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் வயிற்றுக்கழிச்சல் என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

உறவுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். துரை முருகையாவைக் கூப்பிட்டார். அதே நேரம் உள்ளே டெலிபோன் அடிக்க, எழுந்து போனார்.

முருகையா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு குனிந்தார். தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது.

"என்னா எழுதியிருக்குங்க?"

இந்த இடத்தில்தான் எட்டு வருடமாக நிற்கிறேன். "நான் தலைகுனிந்து –" இல்லை. "என்னால் பேச முடிய –" இல்லை. பேசினேன். தெளிவாகவே பேசினேன்.

"பசின்னு எழுதியிருக்கு, முருகையா."

அவர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். "நல்லா இருப்பீங்க சாமி" என்றார். பிறகு குசினிக்குப் போய், மிச்சமிருந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தார்.

அதையும் சாப்பிட்டேன்.

5

எனக்குப் பண்டாரவளை கிடைத்தது. முருகையா எழுபத்தாறில் ஜெயலெட்சுமியோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். இப்போது திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வருடம் தவறாமல் பொங்கலுக்குக் கடிதம் வரும். இந்த வருடத்துக் கடிதத்திலிருந்து ஒரு வரி: "எங்கக்கா விசயத்துல உள்ளத எழுதுன ஒரே மனுசர் நீங்க. ஜெயலெட்சுமி பிள்ளைக்கு உங்க பேரத்தான் வச்சிருக்கோம்."

இந்தக் கதை அச்சில் வந்தால் ஒரு பிரதியை அவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது ஒரு மனம். அந்தப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. இது தமிழில் இருக்கிறது, அவர் வாசித்துவிடுவார். அனுப்பினால் என் பாரம் இறங்கும். அவருக்கு மிச்சமிருக்கும் ஒன்றும் போய்விடும். அனுப்பாவிட்டால் திருச்சியில் ஒரு பிள்ளை என் பெயரோடு வளரும்.

விலாசத்தைப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்துவைக்கிறேன். கேட்டு வாங்கி நீங்களே தீர்மானியுங்கள். என்னிடம் முடிவு கேட்காதீர்கள். நான் எழுதிய முடிவு ஒன்று ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிறது.