முட்டிவலி

...முட்டிவலியாம் முட்டிவலி, யாருக்கு வந்தது முட்டிவலி, அதோ ஓட்டுச்சாவடி ஆண்கள் வரிசையில் தூண் மாதிரி நிற்கிறாரே இந்த மனுஷனுக்கா, லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிற உடம்பு, ஒரு நாளாவது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா... வலி இருப்பது பட்டறையில் இவர்கூட வேலை செய்கிற வெல்டருக்கு. ஓட்டுக் கேட்டு வந்த பாவி ஆள் மாறிப்போய் இவர் தோளில் கை போட்டு, "அண்ணே, முட்டிவலி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனான், அவ்வளவுதான், இவர் அப்படியே கவிழ்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தார். உங்களுக்கு எங்கே வலி, அவன் கேட்டது வெல்டரை என்று பெண்டாட்டி இவள் சொன்னால், "வேற ஆளுன்னு எனக்கும் தெரியும். ஆனா கேட்டாருல்ல? நம்மள யாரு கேக்குறா?" என்கிறார். தலையில் அடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வரிசை நகர்ந்தது, அவளும் ஓரடி நகர்ந்தாள். ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடியது ஓட்டுக் கேட்டு வந்த அதே ஆள்தானே. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவளுக்குத் தெரியாதா, வார்டுத் துணி வருவது நின்று எத்தனை மாசம் ஆகிறது... மகளுக்கு இது நிறைமாசம், வலி எடுத்தால் பஸ் மாறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும், பக்கத்துத் தெருப் பெண் பஸ்ஸிலேயே பெற்றாளே, அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று இந்த மனுஷனுக்குத் தெரியாதா? தெரியும். எதிர்த்து நிற்கிறவர் வார்டைத் திறப்பேன் என்கிறார், அதுவும் தெரியும். காலையில் இவள் கத்தின கத்தலுக்கு நடுவே சட்டையை இஸ்திரி போட்டார், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. நாத்தனார் மட்டும் என்ன, அந்த ஆளுக்குச் சிரித்த முகம் என்று ஓட்டுப் போடுகிறாள். சிரித்த முகமா வந்து பிரசவம் பார்க்கும்? மண்டைக்குள் என்னதான் வைத்திருக்கிறார்கள் எல்லோரும், பெற்ற பெண்ணைவிட ஒரு நலம் விசாரிப்பு பெரிதாய்ப் போயிற்றா, அதுவும் அடுத்தவனுக்கு வந்த விசாரிப்பு...

உள்ளே மை வைக்கிற பெண் அவள் விரலைப் பிடித்தாள். மை வைக்காமல் அப்படியே பார்த்தாள். "என்னம்மா, கையெல்லாம் இப்படி வெந்து போயிருக்கு? மருந்து எதாவது போடுறீங்களா?"

பிளீச்சிங் பவுடர், என்று சொல்ல வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சே, என்ன இது, இங்கேயா அழுவது... மறைப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள், நினைத்து வந்த சின்னத்தில்தான் அழுத்தினாள், ஆனால் அழுத்துகிற நேரத்தில் மனசில் மகளும் இல்லை, வார்டும் இல்லை, மை வைத்த பெண்ணின் முகம்தான் இருந்தது, அந்தப் பெண் மட்டும் தேர்தலில் நின்றிருந்தால், எந்தக் கட்சி, எதை மூடினாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்போமா... கேட்டிருக்க மாட்டோம். அது தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வாசலில் அவர் காத்திருந்தார். "போட்டாச்சா?" என்றார். விரலை நீட்டினாள். மை இருக்கிறதா என்று பார்த்தார், மையை மட்டும் பார்த்தார். பாருங்கள் இந்த மனுஷனை, கூடவே வாழ்கிறவர், ஒரு வார்த்தை... நாம் மட்டும் இவரை என்றைக்காவது... அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், அவர் நடையைப் பார்த்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறாரோ?