சோதித்தவர் பெயர்

பதினோரு வருஷமாக ஜகந்நாதன் காத்திருந்தது இந்த ஒரு நாற்காலிக்காகத்தான்.

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட். 1983இல் இதே அறையில் அவன் நூலின் பலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தான். கோளாறான சோதனை மிஷினை மாற்றாமல் விட்டவர் மேனேஜர் ஆவுடையப்பன். மட்டமான நூல் லாரி லாரியாகத் திரும்பி வந்தபோது, "கையெழுத்து அவனோடதுதான்" என்று முதலாளியிடம் கைகாட்டியவரும் அவரே. அன்றோடு ஜகந்நாதனின் வேலை போயிற்று.

இப்போது புள்ளியியல் மென்பொருளை நிறுவ அவன் வேலை பார்க்கும் மதுரைக் கம்ப்யூட்டர் கம்பெனி அவனை இங்கேயே அனுப்பியிருந்தது.

"வாரும் ஜகந்நாதன்! நான் மட்டும் அன்னைக்கு வெரட்டலன்னா நீரு இன்னும் இங்கன நூல்தான சுத்திக்கிட்டு இருப்பீரு?" என்று சிரித்தார் ஆவுடையப்பன்.

அவனும் சிரித்துவைத்தான்.

மில்லின் மற்ற இரண்டு யூனிட்டுகளான ராஜபாளையத்திலும் செட்டியார்பட்டியிலும் நேற்றே வேலை முடிந்திருந்தது. ஒவ்வொரு யூனிட்டின் கம்ப்யூட்டரும் தன் எண்களைத் தானே கணக்கிட்டு, முடிவை மட்டும் டெலிபோன் லைன் வழியாக ராஜபாளையத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பும். மூல எண்களை அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை. ஜகந்நாதன் இங்கே மட்டும் ஒரே ஒரு வரியை மாற்றினான். இனி இந்த யூனிட்டின் நல்ல நூலும் மட்டமாகவே போய்ச் சேரும். மூன்று மாதத்தில் ஆவுடையப்பன் வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் ஆண்டாள் சன்னிதியில் இதற்கும் சேர்த்துத்தான் கும்பிட்டிருந்தான்.

"சார், செத்த பொறுங்க. பஞ்சு பறக்குது, மிஷினுக்கு ஆகாதுல்லா?"

அவனுடைய பழைய வேலையை இப்போது பார்க்கும் வெள்ளைத்தாய், சோற்றுத் தூக்கைச் சுற்றியிருந்த துணியை நனைத்து ஜன்னலில் கட்டினாள். பிறகு தூக்கின் மூடியில் பாதிப் புளிச்சோற்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "காலையிலருந்து நீங்க பச்சத்தண்ணிகூட குடிக்கல."

திரை 'சோதித்தவர் பெயர்' கேட்டது. அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். "எம் பேரு எம்புட்டு அழகா வருது!"

"மேனேஜர் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டாரா?"

"அவிய போடமாட்டாவ சார். எது தப்பானாலும் நான்தான் பொறுப்புன்னு எழுதி வாங்கிட்டாவ."

இரண்டாவது கவளத்தை அவன் மூடியிலேயே திரும்ப வைத்தான். மூன்று மாதத்தில் வீட்டுக்குப் போகப்போவது யார் என்று அப்போதுதான் விளங்கியது. கோயிலில் என்ன கேட்டோம் என்று நினைக்கவே கூசியது.

மாற்றிய வரியைப் பழையபடி ஆக்கினான். ஆனால் கோபம் தணியவில்லை. ராஜபாளையத்துக்குப் போன் போட்டு முதலாளியிடம் அனுமதி கேட்டு, புதிதாக ஒரு வரி சேர்த்தான். பிறகு ஆவுடையப்பனைக் கூப்பிட்டான்.

"சார், ஒங்க பேரையும் நீங்களே அடிக்கணும். இல்லன்னா ரிசல்ட் லைன்ல போகாது. மூணு யூனிட்டுக்கும் இதுதான். முதலாளி சொல்லிட்டாவ."

ஆவுடையப்பனின் விரல் முதல் எழுத்தின் மேலேயே நின்றது.

"ஏட்டி, அந்த பலம் பாக்குற மிஷின் சரியாத்தான ஓடுது?"

"மூணு தடவ எழுதிக் குடுத்தேனே சார், சரியா ஓடலன்னு!"

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மெக்கானிக்க வரச்சொல்லு. இப்பவே."

ஜகந்நாதன் மீதிச் சோற்றையும் உண்டு முடித்து, மூடியைக் கழுவி அவளிடம் கொடுத்தான்.