உதறிப் பார்த்த கொத்து

எட்டு வருடம் பாடுபட்டு உருவாக்கிய திராட்சை ரகத்தை விற்பனைக்கு விடலாமா என்று முடிவெடுக்கும் முன், கவிநிலா ஒரு கொத்தை மடியில் வைத்துப் பஸ்ஸில் அடி அண்ணாமலை ஊரிலுள்ள ஒரு பழக்கடைக்குக் கொண்டுவந்தாள். விதை இல்லை, நல்ல இனிப்பு.

கடைக்காரி திரௌபதி ஒன்றைத் தின்றுவிட்டு, கொத்தைக் காம்பில் பிடித்து உதறினாள். ஒன்பது பழங்கள் உதிர்ந்தன.

"தித்திப்பு ஜாஸ்திதாம்மா. ஆனா வேன்ல வர்றதுக்குள்ள பாதி கொட்டிடும். உதிரிய யாரு வாங்குவா?"

கவிநிலா வேலை பார்க்கும் ஆய்வுத் தோட்டத்தில் எல்லாக் கொத்துகளையும் பஞ்சு விரித்த தட்டில்தான் எடுத்துப்போவார்கள். பழம் காம்பைப் பற்றியிருக்கும் வலுவை யாரும் சோதித்ததில்லை.

"காம்பு கெட்டியான ரகத்தோட இதைக் கலந்து புதுச் செடி வளர்க்கணும்க்கா. அது காய்க்க மூணு வருஷம் ஆகும்" என்றாள் கவிநிலா.

"ஆகட்டும். அப்ப வேன்ல போட்டு எடுத்துட்டு வா. மடியில வெச்சிக்கினு வராத."