வெயில் சொன்னவர்கள்

அந்த மனநலத் தொண்டு நிறுவனத்தில் ஒவ்வொரு வாரமும் வட்டத்தில்தான் தொடங்கும். தொலைபேசியில் ஊரார் துயரத்தைக் கேட்கும் ஊழியர்கள் நாற்காலிகளை வளைத்துப் போட்டு உட்கார்ந்து, அவரவர் மனசின் வானிலையைச் சொல்லவேண்டும். வெளியே கூரை பிய்ந்துபோகிற மாதிரி மழை கொட்டினாலும் உள்ளே ஆளாளுக்கு வெயில்தான்.

"வெயில் மேடம்."

"நல்ல வெயில் மேடம்."

துணிச்சல்காரர்கள் 'லேசா மேகம்' வரைக்கும் போவார்கள். மழை என்று சொன்னவர்களை இயக்குநர் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பரிவாகப் பேசுவாள். கொஞ்ச நாளில் அந்த நாற்காலி காலியாகிவிடும்.

புதிதாகச் சேர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றார்கள். போன வாரம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் ஒரு மனிதன் செத்துப்போனான். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அடுத்த அழைப்பை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள்.

அன்று வட்டத்தில் அவள் முறை வந்தது. "புயல் மேடம். கண்ணை மூடினா அந்தக் குரல்தான் கேக்குது" என்றவள், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பகிர்ந்ததுக்கு நன்றி" என்றாள் மேடம். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

இருப்பதிலேயே பழையவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளுடைய அப்பா சந்தையில் மூட்டை தூக்கியவர். அங்கே ஒருத்தனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால், கூட இருப்பவன் நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே மூட்டையை வாங்கிக்கொள்வான். கைதட்டமாட்டான். தட்டிய கையைப் பார்க்க அக்காவுக்கே அருவருப்பாக இருந்தது.

வட்டம் கலைந்ததும் மேடம் அக்காவை அறைக்குள் அழைத்தாள். உள்ளே வாசனை மெழுகுவத்தி எரிந்தது.

"அந்தப் பொண்ணுக்கு இந்த வேலை ஒத்துக்கல. விடுவிச்சிடலாம். அவங்க நல்லதுக்குத்தான். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

"விடுவிக்கறதா? அவ என்ன ஜெயில்லயா இருக்கா?"

"இங்க நாம எல்லாரும் ஒரு குடும்பம், இல்லையா?"

"குடும்பத்துல அழுதவள வெளிய தள்ளிக் கதவச் சாத்துவாங்களா மேடம்?"

மேடம் மூச்சை இழுத்து மெதுவாக விட்டாள். "உங்க குரல்ல கோபம் தெரியுது. அந்தக் கோபத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க."

"பாத்துட்டேன். அங்கயும் கோபம்தான் இருக்கு."

"அப்ப உங்களப் பத்தியும் யோசிக்க வேண்டியிருக்கும்."

"நல்லா யோசிங்க. ஆனா அவகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே வந்து, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அழுததுக்காக வேலைய விட்டுத் தூக்கறோம்னு, இதே வார்த்தையில."

மேடம் விருட்டென்று எழுந்து கூடத்துக்கு நடந்தாள்; அக்காவும் பின்னாலேயே போனாள். கூடத்தில் புதுசு காதில் மாட்டும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தங்கள் கருவிகளை ஒரு காதிலிருந்து நைசாக நகர்த்திக்கொண்டார்கள்.

"உங்களுக்கான இடத்தத் தேடிப்போற இந்தப் பயணத்துல…" என்று மேடம் தொடங்கினாள். "ஒரு இடைவெளி… உங்களுக்கே உங்களக் குடுத்துக்கற மாதிரி…"

புதுசு திருதிருவென்று விழித்தாள். "லீவா மேடம்?"

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாய் ஒருமுறை திறந்து மூடியது. இத்தனை பேர் நடுவில் அந்தச் சொல் வெளியே வருவேனா என்றது.

"ஆமா" என்றாள் மேடம் கடைசியில். "லீவுதான். சரியாகிற வரைக்கும்."

"சரியானதும் இதே சீட்டுக்குத்தான் வருவா" என்றாள் அக்கா உரக்க. "எல்லாரும் கேட்டீங்கல்ல?"

முதலில் மூலையிலிருந்த பெரியவர் தலையாட்டினார். பிறகு ஒவ்வொருவராக. மேடத்தின் பார்வை அக்காவின் மீது வந்து நின்றது. அடுத்துக் காலியாகப்போகும் நாற்காலி எது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

புதுசு பையை எடுத்துக்கொண்டு மேடத்தின் முன் போய்க் கைகூப்பினாள். "ரொம்ப நன்றி மேடம். உங்கள மாதிரி யாரு பாப்பாங்க?"

மேடம் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்த நன்றியைத்தான் அக்காவால் பொறுக்க முடியவில்லை. தொண்டைவரைக்கும் வந்த வசவை மென்று விழுங்கிவிட்டு, அந்தப் பெண் படியிறங்குகிற வரைக்கும் அசையாமல் நின்றாள்.