மஞ்சள் புடவை, மொட்டை, நீலப் பை

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் மொத்தம் நாற்பத்தொரு கேமரா. அவற்றோடு வாசல் அலாரம், தீ அலாரம், லிப்ட், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைத்து, அதன் முன்னால் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். ஆறு வருடம் திரையைப் பார்த்ததில் என் கழுத்து இடது பக்கமே திரும்பி நின்றுவிட்டது. எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். கட்டை அவிழ்த்தபோது வலது பக்கம் நின்றது. இதைக் கடையில் யாரும் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். மீதியை நம்பினால் போதும்.

போன சனிக்கிழமை, காலை பதினொரு மணி. கடை நிறைய மொட்டைகள். மலையில் முடி கொடுத்துவிட்டு இறங்குகிறவர்கள் நேராக இங்கேதான் வருவார்கள். ஆணோ பெண்ணோ, எல்லோர் தலையிலும் சந்தனம். மேலே மாட்டியிருக்கிற கேமராவுக்கு எல்லாம் ஒரு கூடை எலுமிச்சம்பழம்தான். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வசதியும் அதில் உண்டு. மாட்டிய முதல் நாளே, ஒரே ஆள் நூற்றுப்பன்னிரண்டு முறை உள்ளே வந்ததாகச் சொல்லிவிட்டு அது ஓய்ந்துவிட்டது.

வாசலில் காவலுக்கு நிற்க வேண்டிய இஸ்மாயில் டீ வாங்கிக்கொண்டு மேலே என் அறைக்கு வந்திருந்தான். அவனுக்கு நான் பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் ஒரு லாரி பழம் காணாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஸ்கிரீன மோந்து பாத்தேன். மூணாவது கேமராவுல பழ வாசன வந்திச்சி. நேரா அங்க போயி புடிச்சேன்."

"கேமராவுல வாசன எப்டிண்ணா வரும்?"

"அது அந்தக் காலத்துக் கேமரா. இப்ப வர்றது எதுவும் சரியில்ல."

லாரி எப்படி வளைந்தது என்று காட்டுவதற்காக முழுக்க அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் வாசல் அலாரம் அடித்தது. பில் போடும்போது துணியிலிருந்து கழற்ற வேண்டிய பிளாஸ்டிக் டேக்கைக் கழற்றாமல் யார் வெளியே போனாலும் அது அடிக்கும்.

வாக்கிடாக்கியில் மேனேஜர் பிரேமலதா கேட்டாள். "தாத்தா, யாரு?"

திரும்பினேன். திரையில் வாசலருகே எட்டு மொட்டைகள். போனது யார் என்று நான் பார்க்கவில்லை. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் எனக்குக் கழுகுக் கண் என்று கடை முழுக்க நானே பரப்பி வைத்திருந்தேன். வாய் முந்திக்கொண்டது.

"மஞ்சப் பொடவ, மொட்ட, நீலப் பையி."

இஸ்மாயில் என்னைப் பார்த்தான். டீ டம்ளரை வைத்துவிட்டுக் கீழே ஓடினான்.

நடுக்கடையில் மேசைமேல் அந்த நீலப் பையைக் கொட்டினார்கள். ஈரத் துண்டு, லட்டு, மாத்திரை அட்டை, மாற்று ரவிக்கை, ஒரு சீப்பு. சீப்பு விழுந்ததும் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். ஒன்பது கேமராவில் அது தெரிந்தது. கடைப்பொருள் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் பதிவைப் பின்னால் ஓட்டினேன். அலாரம் அடித்தது வேட்டி கட்டிய ஒருவருக்கு. கையில் பில்லோடு போகிறார். கவுண்டரில் டேக்கைக் கழற்ற மறந்திருக்கிறார்கள். திருட்டே நடக்கவில்லை. அந்த அம்மாள் ஆறடி பின்னால் நின்று, பொம்மைக்குக் கட்டியிருந்த புடவையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேமலதாவிடம் சொன்னேன். அவள் வாக்கிடாக்கியை அணைக்காததால், அந்த அம்மாளிடம் அவள் பேசியதும் எனக்குக் கேட்டது.

"சிஸ்டம் தப்பா காட்டிடிச்சிம்மா. மெஷினுதான. மனசுல வெச்சிக்காதீங்க."

"மெஷினு பையி கலரு சொல்லுமா? ஒரு ஆம்பள கொரலு வந்திச்சே, அவன வரச்சொல்லு. நகரி ஊர்ல என் வூட்ல நாலு தறி ஓடுது. உங்க பொடவயத் திருடித்தான் இந்தப் பொன்னியம்மா கட்டணுமா? எம்பொண்ணக் குடுக்கப்போற வூட்டுக்காரங்க வாசல்ல நின்னுக்கினு பாக்கறாங்க. அவங்ககிட்ட இன்னான்னு சொல்றது நானு?"

அப்படியே உட்கார்ந்திருந்தால் பழி மெஷினோடு போயிருக்கும். மெஷினுக்கு மானம் கிடையாது. அரை நிமிடம் உட்கார்ந்துதான் இருந்தேன், அதையும் மறைக்கவில்லை. பிறகு இறங்கிப் போனேன்.

"நான்தாம்மா சொன்னது. பாக்காமயே சொன்னேன். அலாரம் அடிக்கறப்ப திரும்பி ஒக்காந்து கத உட்டுக்கினு இருந்தேன்."

சேல்ஸ் பெண்கள் சிரித்துவிட்டார்கள். "ஊருகோ தாத்தா, சும்மா இரு," என்றாள் பிரேமலதா. "இவரு எப்பவும் இப்டித்தாம்மா. கடைய காப்பாத்த ஒரு கத கட்றாரு."

இஸ்மாயிலைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அவனுக்கும் வேலை வேண்டும்.

பொன்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "நெசமா?"

"நெசம்மா. எங்க ரூமுலயும் ஒரு கேமரா இருக்குது. என் தலைக்கு மேல. அதுல எல்லாம் பதிவாயிருக்கும்."

"என் பைய எத்தினி பேரு முன்னாடி கொட்டினீங்க? அத்தினி பேரு முன்னாடி போடு."

படிக்கட்டுக்கு மேல் ஒரு பெரிய திரை உண்டு. நாள் முழுக்கப் பட்டுப்புடவை விளம்பரம் ஓடும். எந்தக் கேமராவையும் அதில் விடலாம். "வேணாம் தாத்தா, ஓனரு பாத்தா போச்சி," என்றாள் பிரேமலதா. இப்போது அவள் சிரிக்கவில்லை. நான் மேலே போய்ப் பதிவை ஓடவிட்டுக் கீழே வந்து நின்றேன்.

பட்டு கட்டிய பெண் மறைந்து நான் வந்தேன், இரண்டு ஆள் உயரத்துக்கு. சத்தம் இல்லை. கையை வளைத்து லாரி ஓட்டினேன். மூக்கை நீட்டிக் காற்றை மோந்தேன். எதிரே டீ டம்ளரோடு இஸ்மாயில். அவனும் மாட்டுவான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் திரையில் இருந்த நான் திரும்பி, எட்டுத் தலைகளையும் கண்ணிமைக்கும் நேரம் பார்த்து, வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனேன். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு என் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பொன்னியம்மாள் கடைசிவரை பார்த்தாள். பிறகு வாசலில் நின்றவர்களைக் கைகாட்டி உள்ளே கூப்பிட்டாள்.

"இன்னொரு வாட்டி போடு," என்றாள் என்னிடம். "அவங்க மொதல்லேர்ந்து பாக்கல."

நான் மறுபடியும் படியேறினேன்.